ஒன்பதாவது பிள்ளைகளுக்கு கேம் செய்யச் சொல்லித்தருவது: எதில் தொடங்கலாம்?

15 ஜூன் 2024, மாலை. பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாவதில் 22 பேர். கேம் செய்யக் கற்றுத்தாருங்கள் என்று போன வருடமே நச்சரித்தார்கள். இந்த வருடம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். லேபில் பத்து கணினி, ஓடுவது எட்டு. யூனிட்டி (கேம் நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய மென்பொருள்) போட்டால்தான் ஆச்சு என்று ஒருவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். தலைமை ஆசிரியரோ "ஆடறதுக்கா லேப்?" என்கிறார். எனக்கு எக்செல் தாண்டி ஒன்றும் தெரியாது. எதில் தொடங்கலாம்?

15 ஜூன், இரவு

யூனிட்டி வேண்டாம் சார். இறக்குவதே பல ஜிபி. கணக்குத் தொடங்கு, உரிமம் வாங்கு என்று முதல் நாளே ஓடிவிடும். உங்கள் எட்டு கணினியில் திறப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஸ்கிராட்ச் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளாக இழுத்து அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள் அது. எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு செய்து 2007இல் வெளியிட்டது, இலவசம். நெட் இல்லாமல் ஓடும் பதிப்பு உண்டு, பென் டிரைவில் எடுத்துப் போகலாம். தலைமை ஆசிரியருக்கு பதில் சொல்ல பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலை எடுத்துப் போங்கள். கடைசி அலகு 'காட்சித் தொடர்பு'. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. வருடக் கடைசியில் வருவதால் பெரும்பாலும் யாரும் அதை நடத்துவதில்லை. பாடத்தில் இருப்பதைத்தான் நடத்துகிறேன் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

என்னைப் பற்றி ஒரு வரி: பெங்களூரில் ஒரு மொபைல் கேம் நிறுவனத்தில் 9 வருடம் டெஸ்டராக இருந்தேன். அதாவது மற்றவர்கள் செய்த கேமை உடைப்பது என் வேலை. இப்போது காரிமங்கலத்தில் வீட்டு வராண்டாவில் சனி, ஞாயிறு ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். மூன்று பழைய மடிக்கணினி. இரண்டு, உறவுக்காரப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள், மிஞ்சிய ஒன்று என்னுடையது.

16 ஜூன்

நேற்று எழுதாமல் விட்டது, மென்பொருளைவிட முக்கியமானது. எட்டு கணினிக்கு 22 பேர் என்றால் ஒன்றுக்கு மூன்று பேர் வரை. மவுஸ் யார் கையில்? என் வராண்டாவில் முதல் மாதம் முழுக்க பையன்கள் கையில்தான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று சரியாகச் சொல்வார்கள், அவன் தப்பாகச் செய்வான்.

இப்போது விதி: மவுஸ் பிடிப்பவர் டிரைவர். அவர் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கண்டக்டர், அவர் சொன்ன இடத்தில்தான் வண்டி நிற்கும், திரும்பும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விசில், ஆள் மாற்றம். தர்மபுரி டவுன் பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மூன்றாவது ஆள்? பயணி. கேள்வி மட்டும் கேட்கலாம்.

22 ஜூன்

சார் முதல் வகுப்பு எடுத்துவிட்டாராம். ஸ்கிராட்சில் வரும் பூனையை நடக்க வைத்தார்களாம், அப்புறம் எல்லாரும் "ஃப்ரீ ஃபயர் மாதிரி எப்ப செய்வோம்?" என்றார்களாம். போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் அது.

என் கதையும் அதேதான். முதல் வகுப்புக்குப் பெரிதாகத் தயார் செய்துகொண்டு போனேன். அட்டாரியின் பாங், 1972, இரண்டு மட்டை ஒரு பந்து, எல்லாம் இங்கேதான் தொடங்கியது என்று சொற்பொழிவு. ஒரு பையன் கொட்டாவி விட்டான். இன்னொருவன், "அக்கா, இதுல கன் எப்ப வரும்?"

ஃப்ரீ ஃபயர் மாதிரி ஒன்றைச் செய்ய நூற்றுக்கணக்கான ஆட்கள், வருடக்கணக்கில் உழைப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அது ஊக்கம் தருவதாக நான் நினைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்புகிற முகம்.

அடுத்த வாரம் வேறு மாதிரி கேட்டேன். துப்பாக்கியை எடுத்துவிடு, மரம் செடி எடுத்துவிடு, குதிக்கிற விமானத்தை எடுத்துவிடு. என்ன இருந்தால் இன்னும் அது ஃப்ரீ ஃபயர்? பத்து நிமிடம் சண்டை. கடைசியில் எட்டாவது படிக்கிற ஒரு பெண் சொன்னாள்: "வட்டம் சுருங்கணும் அக்கா. வெளிய நின்னா உயிர் குறையணும்."

அவ்வளவுதான். ஒரு பெரிய வட்டம், நொடிக்கு ஒரு தரம் கொஞ்சம் சிறியதாகிறது. ஒரு புள்ளி, அம்புக்குறியால் நகர்கிறது. புள்ளி வட்டத்தைத் தொடவில்லை என்றால் உயிர் ஒன்று குறையும். ஸ்கிராட்சில் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. உயிர் போகும்போது நிஜமாகவே கத்தினார்கள். துப்பாக்கியைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. (அடுத்த வாரம் கேட்டார்கள்.)

23 ஜூன்

"போனைப் பார்த்தே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், இதில் நீங்கள் வேறா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் மாமியாரும் அதையேதான் சொல்கிறார். பதில் இல்லை, வகுப்பு நேரத்தில் போனை முறத்தில் வாங்கி வைத்துவிடுகிறேன்.

6 ஜூலை

சார், ஒன்பதாவது கணக்கில் ஆயத்தொலை வடிவியல் வருகிறதே, அதற்கு முன்னாலேயே மாம்பழக் கேம் செய்துவிடுங்கள். ஸ்கிராட்சின் மேடை 480க்கு 360. நடுவில் ஆதிப்புள்ளி. எக்ஸ் −240 முதல் 240 வரை, ஒய் −180 முதல் 180 வரை. கூடை கீழே, மாம்பழம் மேலே ஒய் 180இல் தோன்ற வேண்டும், எக்ஸ் எங்கே என்று கணினியே குலுக்கிப் போடட்டும்.

இந்த ஊரில் மாம்பழம் வைத்துச் செய்தால் ஒரு சிக்கல், எல்லாருக்கும் மாம்பழம் தெரியும். செந்தூரா என்றால் 5 புள்ளி, பெங்களூரா என்றால் 1 என்று ஒருவன் வைத்தான். அவன் அப்பா கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்கு லோடு அடிப்பவர். அவர் பார்த்துவிட்டு, "ஆலைக்கு பெங்களூராதான் டன் கணக்கில போகுது, அதுக்கு ஒரு புள்ளியா?" என்றாராம். அடுத்த வாரம் புள்ளி மாறியிருந்தது. வண்டு விழுந்த பழத்தைப் பிடித்தால் கழித்தல்.

இதில்தான் இயக்கம் வந்தது. முதலில் பழத்தை ஒரே வேகத்தில் இறக்கினார்கள். பார்த்ததும் எல்லாருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "காகிதம் மாதிரி விழுது" என்றாள் ஒருத்தி. 'வேகம்' என்று ஒரு மாறி வைத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தில் 1 கூட்டு, பிறகு அவ்வளவு கீழே இறக்கு. ஸ்கிராட்ச் நொடிக்கு 30 சுற்று ஓடும். பழம் கண்ணுக்கே தெரியவில்லை, தொப்பென்று தரையில். ஏன்? 1+2+3 என்று கூட்டிப் பார்த்தால் 27ஆவது சுற்றிலேயே 360 தாண்டிவிடுகிறது, ஒரு நொடிகூட இல்லை. 1க்குப் பதில் 0.3 போட்டால் 49 சுற்று, ஒன்றரை நொடிக்கு மேல். அதுதான் மரத்திலிருந்து விழுகிற மாதிரி இருந்தது. கூட்டலைச் செய்தது நான் இல்லை. ஒரு பையன், சிலேட்டு மாதிரி நோட்டின் பின்பக்கத்தில், திட்டிக்கொண்டே.

7 ஜூலை

நேற்று நொடிக்கு 30 என்று அடித்துச் சொன்னேன். பழைய கணினியில் அப்படி இல்லை. ஒருவன் பழத்தை நகல் எடுத்து நகல் எடுத்து மழையாகக் கொட்டினான், எல்லாம் ஆமையாகிவிட்டது. நகலுக்கு 300 என்று ஸ்கிராட்சே வரம்பு வைத்திருக்கிறது, என் மடிக்கணினி அதில் பாதிக்கே பெருமூச்சு விட்டது.

"அக்கா, பழத்தைப் பிடிக்கப் பிடிக்க கேம் வேகமாகுது, நான் அப்படி எழுதவே இல்ல" என்றான். அவனிடம் 1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாதோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமின் கதையைச் சொன்னேன். எதிரிகள் நிறைய இருக்கும்போது கணினி திணறி மெதுவாக நகர்த்தியது. சுடச்சுட எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவை தானாக வேகமாயின. அவர் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார், ஆட்டத்தின் சூடே அதில்தான் என்று ஆகிவிட்டது. டெஸ்டராக நான் இருந்திருந்தால் பிழை என்று எழுதிப் போட்டிருப்பேன்.

வரலாறு சொன்னால் கொட்டாவி விட்ட அதே பையன்தான் இதை இரண்டு முறை சொல்லச் சொன்னான். அவனுக்கே நடந்த பிறகு சொன்னதால் இருக்கும்.

20 ஜூலை

தாயம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் தப்பு செய்தேன், கண்டுபிடித்தது ஓர் ஆயா.

பத்தாவது போகும் ஒரு பெண் தாயம் செய்கிறாள். கட்டம், காய், வெட்டு, மலை, பழம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கட்டையை எப்படி உருட்டுவது என்று கேட்டாள். விழக்கூடியது 1, 2, 3, 4, 5, 6, 12. ஏழு எண். பட்டியலில் வை, குலுக்கி ஒன்றை எடு என்று சொல்லிவிட்டு நான் காபி போடப் போய்விட்டேன்.

வேலை செய்தது. அழகாகவே செய்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் அவள் ஆயாவை ஆடவைத்தாள். ஆயா கால் மணி நேரம் ஆடிவிட்டு, "இது திருட்டுக் கட்டைடீ. பன்னெண்டு மழையா கொட்டுது, மூணு வரவே மாட்டேங்குது" என்று எழுந்துவிட்டார்.

அவள் என்னிடம் வந்து சொன்னபோது, பாட்டிக்குப் பழக்கமில்லை, அப்படித்தான் தோன்றும் என்றேன். பிறகு மனசு கேட்காமல் மாமியாரின் பித்தளைக் கட்டைகளை எடுத்துவந்து நடுவில் வைத்தேன். இரண்டு நீளக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் சேர்த்தால் விழக்கூடிய வழி 16. அதில் ரெண்டும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு, அது ஒரே ஒரு வழி. தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, 2. இரண்டுக்கு 3. மூன்றுக்கு 4, வெறுமையும் மூன்றும், ஒன்றும் இரண்டும், அப்புறம் கட்டை மாறி இன்னும் இரண்டு. நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1.

ஆக, நிஜக் கட்டையில் 16 தடவை போட்டால் சராசரியாகப் பன்னிரண்டு ஒரு தடவை, மூன்று நாலு தடவை. என் பட்டியலில் எல்லாமே இரண்டே சொச்சம் தடவை. பன்னிரண்டு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது, மூன்று பாதிக்குக் கிட்டத்தட்டக் குறைந்துவிட்டது. ஆயா சொன்னது அப்படியே. அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அறுபது வருடம் கட்டை உருட்டியிருக்கிறார்.

தீர்வு இரண்டு வரி. ஏழு எண்ணில் ஒன்றை எடுக்காதே, 0 முதல் 3 வரை இரண்டு முறை தனித்தனியாக எடு, கூட்டு, 0 வந்தால் 12. அதாவது கட்டை செய்வதையே செய். நிறுவனத்தில் 9 வருடம் இருந்துவிட்டு இது எனக்குத் தோன்றவில்லை.

21 ஜூலை

ஓசூரிலிருந்து ஓர் ஆசிரியை: "எங்கள் பக்கம் சோழியில் ஆடுவோம், உங்கள் கணக்கு செல்லாது." உண்மை. ஆறு சோழியில் எத்தனை மல்லாந்து விழுகிறது என்று எண்ணுவது வேறு கணக்கு. அதிலும் சோழி நாணயம் இல்லை, மல்லாக்கவும் குப்புறவும் பாதிக்குப் பாதி விழாது. இன்று பிள்ளைகள் ஒரே சோழியை நூறு முறை போட்டு எழுதினார்கள், பாதிக்குப் பாதி வரவில்லை. வேறொரு சோழி எடுத்தார்கள், அது வேறு மாதிரி. வராண்டா முழுக்க சோழி. ஒருவன் மட்டும் கேம் செய்துகொண்டிருந்தான்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. வகுப்பு இல்லை. மேட்டூர் நிரம்பியிருக்கிறது, ஒகேனக்கலில் குளிக்கத் தடை, ஆனாலும் பாதிப் பேர் தண்ணீரைப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று பெண்ணாகரம் ரோட்டில் நிற்கிறார்கள்.

18 ஆகஸ்ட்

ஸ்கிராட்ச் தாண்டி என்ன என்று சார் கேட்கிறார். மூன்று பேர் அதைத் தாண்டிவிட்டார்களாம், "இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்கிறார்களாம். இரண்டு வழி முயன்றேன், இரண்டிலும் அடி வாங்கினேன்.

முதலாவது பைத்தான் என்ற நிரல்மொழியும், அதில் கேம் செய்ய உதவும் பைகேமும். பன்னிரண்டாவதில் பைத்தான் பாடமாகவே இருப்பதால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. முதல் அடி: ஸ்கிராட்சில் ஆதிப்புள்ளி நடுவில், ஒய் மேலே போனால் கூடும். பைகேமில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலை, ஒய் கீழே போனால் கூடும். மாம்பழம் மேல்நோக்கி விழுந்தது. நன்றாகச் சிரித்தோம், ஆனால் இரண்டு வாரம் போனது. இரண்டாவது அடி தமிழ். 'வெற்றி' என்று திரையில் எழுதச் சொன்னால் கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலையை பைகேம் சும்மா செய்யாது. சொல்லைப் படமாக வரைந்து ஒட்டினோம். அசிங்கமான வழி, ஓடுகிறது.

அதே பைத்தானில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வேகம் = 5 என்று அப்படியே எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒரு பையன் இதற்குப் பிறகு எழுத ஆரம்பித்தான். நடுநடுவே விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதுதான் எரிச்சல்.

அடுத்தது கோடோ, யூனிட்டி மாதிரியே கேம் செய்யும் மென்பொருள், இலவசம். அர்ஜென்டினாவில் இரண்டு பேர் தொடங்கி, 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. நிறுவவே வேண்டாம், ஜிப்பைப் பிரித்து இரட்டைச் சொடுக்கு, திறந்துவிடும். லேபில் நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் என்றே தெரியாத பள்ளிகளுக்கு இது பெரிய வரம். ஆனால் கோடோ 3 பழைய மடிக்கணினியில் ஓடுகிறது, தமிழ் உடைகிறது. கோடோ 4 தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது, பழைய மடிக்கணினியில் ஓட மறுக்கிறது. இந்தப் பக்கம் இழுத்தால் கால் தெரிகிறது, அந்தப் பக்கம் இழுத்தால் தலை.

ஸ்கிராட்சில் தமிழ் உடையவே இல்லை. சார், இன்னும் ஆறு மாதம் அதிலேயே இருங்கள். சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்கிற மூன்று பேரிடம் பரமபதம் செய்யச் சொல்லுங்கள். பாம்பு கடித்ததும் காய் குதிக்காமல், பாம்பின் உடல் வழியாக வழுக்கி இறங்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். வளைவு வளைவாக. பார்க்கலாம்.

18 ஆகஸ்ட், இரவு

ஓசூர் ஆசிரியை மறுபடி: "தமிழ் தமிழ் என்கிறீர்கள், என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம்." சரிதான். காரிமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை மறந்துவிட்டேன். அவர் பிள்ளைகள் கேமில் எழுத்தே வைப்பதில்லையாம், ஜெயித்தால் ஒரு சத்தம், தோற்றால் ஒரு சத்தம். என் கொம்புப் பிரச்சினைக்கு இதுவே நல்ல வழி.

29 செப்டம்பர்

காலாண்டுத் தேர்வு முடிந்தது. ஜூலையில் பெரிதாக எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மாம்பழத்துக்கு 0.3 கண்டுபிடித்த பையன் ஆயத்தொலைக் கேள்வியில் கோட்டை விட்டான். கேமில் பழம் இடது பக்கம் போனால் எக்ஸ் கழித்தலாகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தாளில் (−3, 4) எந்தக் கால்பகுதியில் என்று கேட்டபோது மூன்றாவது என்று எழுதியிருக்கிறான். கேட்டால், "அக்கா, அது வேற எக்ஸ்னு நெனச்சேன்." அவன் அம்மா என் வாசலில் நின்று, கோபமாகக்கூட இல்லாமல், "இனி அனுப்பலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். என்ன சொல்வது?

கேம் செய்தால் கணக்கு தானாக வரும் என்று நான் சொல்லியிருந்தால் அதை அழித்துவிடுங்கள். தானாக வரவில்லை. இது அதேதான் என்று யாராவது தாளை எடுத்து வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இப்போது கேமின் திரையை வரைபடத்தாளில் கையால் போடச் சொல்கிறேன், மாம்பழம் இருக்கும் மூன்று இடத்தைக் குறிக்கச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மா அனுப்புகிறார்.

கணக்கு ஆசிரியர் நீங்கள், இதை உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

26 அக்டோபர்

இருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே விடுதியில் தங்கிப் படிப்பவன். அவனை எல்லாரும் யானைக்காரன் என்கிறார்கள், காரணம் அவன் கேம். ராகிக் கொல்லை, இரவு, பரண்மேல் நீ. யானைகள் வருகின்றன. முதல் பதிப்பில் பரணில் இருப்பவன் கையில் துப்பாக்கி.

"யாருடா யானையைச் சுடறாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "எங்க ஊர்ல யாரும் சுடல" என்றான். பிறகு ஏன் வைத்தான்? கேம் என்றால் வைக்க வேண்டும் என்று நினைத்தானாம். துப்பாக்கி போய் பட்டாசு வந்தது, தகர டப்பா வந்தது. பட்டாசு போட்டால் யானை ஓடுகிறது, ஆனால் பக்கத்துக் கொல்லைக்குள் ஓடுகிறது. அது பிழை என்று நினைத்தேன். இல்லை அக்கா, அப்படித்தான் ஆகும், பக்கத்துக் கொல்லைக்காரர் காலையில் சண்டைக்கு வருவார் என்றான். அவர் வந்து கத்துகிற காட்சியும் கேமில் உண்டு. அவருக்குக் குரல் கொடுத்தது அவனேதான்.

இன்னொருத்தி அரூர்ப் பக்கம். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்து ஆநிரை மீட்கும் கேம் செய்கிறாள். வீரன் போகிற வழியில் மாடுகள் பின்னால் வர வேண்டும். 'வீரனை நோக்கித் திரும்பு, முன்னால் போ' என்று எழுதினாள். பன்னிரண்டு மாடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே மாடாகிவிட்டது. அரை மணி நேரம் மீதி மாடு எங்கே என்று தேடினாள். இப்போது ஒவ்வொரு மாட்டுக்கும் கொஞ்சம் தள்ளி ஒரு இடம், கொஞ்சம் வேறு வேகம். ஒரு மாடு மட்டும் எப்போதும் பின்தங்குகிறது, அதை அவள் சரிசெய்ய மறுக்கிறாள். அவர்கள் வீட்டு மாடும் அப்படித்தானாம்.

27 அக்டோபர்

ஆடிப்பார்க்கும் நாள் பற்றி எழுத மறந்தேன், என் சொந்தத் தொழிலே அது. விதி ஒன்றே: செய்தவர் பின்னால் நிற்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. யானைக்காரன் முதல் நிமிடத்திலேயே "அங்க போகாத, அங்க போகாத" என்றான். விசில். இரண்டாம் நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு குதித்தான். ஆடிய பெண் வேலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ நடக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை, அவன் வேலியைச் சும்மா அழகுக்கு வரைந்திருந்தான். எழுதிக்கொள் என்றேன். "வேலியில கரண்ட் வைக்கணும். சோலார்." அவனாகவே எழுதினான்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் இழுத்துப் போனதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அரூர்ப் பெண்ணின் வீட்டுக்குள்ளும் தண்ணீர், எல்லாரும் நலம். அவள் நோட்டு போய்விட்டது. மாடுகள் பென் டிரைவில் இருந்தன, என் மேசையில்.

இனி எல்லார் வேலைக்கும் இரண்டு பிரதி. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ஜூனில் எழுதிய பதிலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 பிப்ரவரி 2025

சார் கேட்டிருந்தார், தாயம் என்ன ஆயிற்று, ஆயா திரும்ப ஆடினாரா என்று.

பொங்கல் விடுமுறையில் அந்தப் பெண் ஸ்கிராட்ச் கோப்பை டர்போவார்ப் என்ற கருவி வழியாக, உலாவியில் திறக்கும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக்கி, அப்பாவின் போனில் போட்டு ஆயா கையில் கொடுத்தாள். நானும் போயிருந்தேன், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆடினார். பேத்தியின் காயை இரண்டு முறை வெட்டினார். மூன்று சரியாக வருகிறதா என்று கேட்டேன். "வருது வருது" என்று கையை ஆட்டினார்.

அப்புறம் போனைக் காதருகே கொண்டுபோய், "கட்டை உருள்ற சத்தமே இல்லையே, பேய் உருட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

போனவாரம் முழுக்க அதுதான் வேலை. மாமியாரின் பித்தளைக் கட்டை, வராண்டாவின் சிமெண்டுத் தரை, ஒரு போன். பாயில் உருட்டினால் சத்தம் செத்துவிடுகிறது, சிமெண்டில் காது கிழிகிறது. கடைசியில் ஆயா வீட்டுத் திண்ணையிலேயே போய்ப் பதிவு செய்தோம், பின்னால் ஒரு கோழி கேட்கிறது. கோழியை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.